அறங்காவலரும் அவர்தம் அதிகார எல்லையும்



களக்காட்டு வயல்களில் வளர்ந்த நமக்குக் குளத்து மடை புதிதன்று. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஒருவரை அமர்த்துகிறோம். மடை அவர் கையில் உள்ளது. நீர் அவருடையது அன்று. கடைமடைக்குரிய நீரைத் தாம் விரும்பிய தோட்டத்திற்குத் திருப்ப அவருக்கு உரிமையில்லை. அறங்காவலரின் நிலையும் அதுவே.

அறத்தை நிறுவியவர் குறித்த நோக்கத்தை நிறைவேற்றுவதே அறங்காவலரின் கடமை என்கிறது 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம். அது தனியார் அறக்கட்டளைகளுக்கே உரியது எனினும், பொது அறங்களிலும் நீதிமன்றங்கள் இந்நெறியையே கொள்கின்றன. மாணவர் விடுதிக்கென எழுதிவைத்த மனையில் திருமண மண்டபம் எழுப்பினால் வருமானம் பெருகலாம். எண்ணமும் நல்லதாக இருக்கலாம். ஆயினும், அறங்காவலர் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்தாலும் நோக்கத்தை மாற்ற இயலாது. ஆவணமே திருத்தும் அதிகாரம் தந்திருந்தால், அந்த எல்லைக்குள் மட்டுமே திருத்தலாம். சங்கத்தின் துணைவிதிகளைச் சிறப்புத் தீர்மானத்தால் மாற்றலாம். சங்கத்திடம் அறமாக ஒப்படைத்த சொத்தின் நோக்கத்தை அத்தீர்மானம் மாற்றாது.

காலம் மாறினால் என்செய்வது? அறம் பிறழ்ந்தால் யாரிடம் முறையிடுவது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. அறத்தில் அக்கறையுடைய இருவர், நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். பழைய நோக்கம் நிறைவேற இயலாதபோது, அதற்கு நெருங்கிய நோக்கத்தை நீதிமன்றமே வகுக்கும்.

பச்சையப்பர் அறத்தை நினைத்துப் பாருங்கள். 1794இல் மறைந்த அவ்வள்ளல், கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் பெருஞ்செல்வத்தை உயிலில் ஒதுக்கினார். பொறுப்பேற்றோரிடம் அது பல்லாண்டு சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியால், அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டின் ஆணைப்படி அப்பணம் மீட்கப்பட்டது; கோயில் அறங்கள் போக எஞ்சிய தொகை கல்விக்கு வந்தது. 1842இல் பள்ளி திறந்தது. வழியை மாற்றியது நீதிமன்றம், அறங்காவலர் அல்லர்.

ஆனால் அந்தக் கல்விச்சாலையின் கதவு நம் மக்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை என்பதையும் மறவோம். யாருக்காக அறம் என்பதை ஆவணத்தில் ஐயமற எழுதுவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே இளைஞர்களே! நம் ஆவணங்களைப் பெட்டியில் பூட்டி வைக்க விடாதீர்கள். ஆண்டுதோறும் பேரவையில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். கேட்பது அவமதிப்பு அன்று, அதுவே காவல். நம் முன்னோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த அறம், கடைமடைப் பிள்ளைக்கும் சென்று சேரட்டும்.