கேட்கத் தயங்கும் பிள்ளைகள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் நம்மைப் பேசப் பணித்தபொழுது மிகவும் தயங்கினோம். நாம் மெட்ரிக்குலேஷனோடு நின்று ரயில்வே குமாஸ்தாவானவர்; கல்லூரியின் உட்புறம் அறியாதவர். ஆயினும், நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மூத்த மகள் வாயிலாக அறிந்த ஒன்றைச் சொல்லத் துணிந்தோம்.

முதலாண்டில் அவள் பொருளாதாரக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தது. இரண்டு வாரம் நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடியும் உரிய நூல் கிட்டவில்லை, மதிப்பெண் குறைந்தது. "நூலகரைக் கேட்டாயா?" என்றோம். "அவர் முத்திரை குத்துபவர், அபராதம் வாங்குபவர். அவரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று எண்ணமாட்டாரா?" என்றாள்.

அம்மறுமொழி நம்மைச் சுட்டது. பெரிய இடத்தில் வாய் திறவாதே, எவரையும் தொந்தரவு செய்யாதே என்று சிறுவயது முதல் போதித்தவர் நாமேயல்லவா? பெற்றோர் கல்லூரி கண்ட வீடுகளில் பிள்ளைகள் இவற்றைப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்கின்றனர். நம் வீடுகளில் சொல்வார் இல்லை.

ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலை அணுகக் கூசி, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு, பிளாட்பாரம் மாறி வண்டியைத் தவறவிட்டவர் பலரை நாம் கண்டிருக்கிறோம். உள்ளிருக்கும் குமாஸ்தா சில வேளை கடுகடுப்பதும் உண்டு. நாமும் அக்குற்றத்துக்கு விலக்கல்லர். ஆயினும் கேட்பவருக்கு விடை சொல்வதே அவர் வேலை. நூலகரும் அத்தகையவரே.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நம்மைப்போல் வடக்கே வந்து காசியிலும் டில்லியிலும் பணிபுரிந்தார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. அவ்வாறு காப்பது நூலகரின் கடமையாயின், அவரை நாடுவது மாணவரின் உரிமையன்றோ?

இதனை எடுத்துரைத்து மகளை மீண்டும் அனுப்பினோம். தலைப்பு யாது, இதுவரை பார்த்த நூல்கள் யாவை, இன்னும் வேண்டுவது யாது என்று ஒரு தாளில் எழுதிச் சென்றாள். நூலகர் கால்மணி நேரம் உடனிருந்தார். நூலின் முதுகிலுள்ள எண் அதன் பொருளைக் குறிப்பது என்றும், ஒரே பொருள்பற்றிய நூல்கள் அருகருகே நிற்கும் என்றும் விளக்கினார். கல்லூரியின் வழியே மின்னிதழ்களைப் படிக்கும் முறையையும் காட்டினார். "இதுவரை ஏனம்மா வரவில்லை?" என்று அவர் கேட்டாராம். அதை வீட்டில் சொல்லும்பொழுது அவள் கண் கலங்கியது.

ஆகஸ்டு 12, ரங்கநாதன் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்தில் காலனியின் மூத்த மாணவர்கள், புதிதாகக் கல்லூரி சேர்ந்தவர்களை அழைத்துச் சென்று நூலகரிடம் அறிமுகம் செய்விக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மதிப்பெண் எத்தனை என்று வினவுமுன், "இன்று நூலகரிடம் என்ன கேட்டாய்?" என்று வினவுவோமாக.