கடல் குவார்க்குகளுக்கு உரிய இடம்

இத்துறையில் என்னினும் ஆழங்கால்பட்டவர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, இந்த மாநாட்டின் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். நன்றியோடும் சற்று நடுக்கத்தோடும் ஏற்றுக்கொள்கிறேன்.

குவார்க்குகளின் இயல்பு புரோட்டான், நியூட்ரான் பண்புகளை எப்படி வகுக்கிறது என்பது மாநாட்டின் பொருள். நிறை, தற்சுழற்சி, ஆரம், காந்தத் திருப்புத்திறன் என நான்கு அமர்வுகள். புரோட்டானின் 938 எம்இவி நிறையில் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறை நூற்றில் ஒரு பங்களவே என்பது இந்த அவைக்குப் புதிதல்ல. இந்த நான்கையும் அந்தந்த அமர்வுக்கே விட்டுவிட்டு, எந்த அமர்விலும் இடம்பெறாத ஒன்றுக்காக வாதாட விரும்புகிறேன். புரோட்டானுக்குள் தோன்றி மறையும் குவார்க், எதிர்க்குவார்க் இணைகளின் கடலில் எதிர் அப்பைவிட எதிர் டவுன் மிகுந்திருக்கிறதே, அது ஏன்?

குளுவான் பிளவு ஒன்றே கடலுக்கு மூலமானால் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அந்தச் சமநிலையைச் சோதிக்கும் காட்ஃபிரைட் கூட்டுத்தொகை 1/3 வரும். 1991இல் செர்னின் என்எம்சி குழு கண்டதோ 0.24.

1977இல் ஃபீல்டும் ஃபெயின்மனும் எழுதிய கட்டுரையை குவார்க் சிதறலுக்காகவே மேற்கோள் காட்டிவருகிறோம். புரோட்டானில் ஏற்கெனவே இரண்டு அப் இருப்பதால், பவுலி விதி புதிய அப் இணைக்கு இடம் குறுக்கும் என்ற கருத்தும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1983இல் ஆந்தனி தாமஸ் வேறொரு வழி காட்டினார்: புரோட்டான் சிறுபொழுது நியூட்ரானும் நேர்மின் பையானுமாகிறது, அந்தப் பையானுக்குள் எதிர் டவுன் இருக்கிறது.

1998இல் ஃபெர்மிலாபின் இ866 சோதனையில், உந்தப் பங்கு 0.2ஐத் தாண்டியதும் எதிர் டவுனின் மிகுதி சரியத் தொடங்கியது. இந்தச் சரிவோடு பொருந்தாததால் தாமஸின் பையான் மேக விளக்கத்தையே கைவிடலாம் என்று மூத்த நண்பர்கள் சிலர் அப்போது வாதிட்டார்கள். அவர்கள் புலமையை மதிக்கிறேன். ஆனால் பிழைவரம்பு அகன்ற கடைசிப் புள்ளிகள் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்கா. 2021இல் சீக்வெஸ்ட் முடிவுகள் வந்தன: 0.45 வரையிலும் எதிர் டவுனே மிகுதி, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

பவுலி விதியே போதும் என்போருக்கும் ஒரு வேண்டுகோள். நிறமும் தற்சுழற்சியும் சேர்ந்த ஆறு நிலைகளில் அப்புக்கு நான்கும் டவுனுக்கு ஐந்தும் எஞ்சுகின்றன. இந்த எளிய கணக்கு 5:4 விகிதத்தையே தருகிறது. எஞ்சிய மிகுதி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

பையான் மேகம் இதோடு நிற்பதில்லை. நியூட்ரான் புரோட்டானும் எதிர்மின் பையானுமாகும்போது நேர்மின் உள்ளேயும் எதிர்மின் வெளியேயும் நிற்கும். நியூட்ரானின் மின்னூட்ட ஆர வர்க்கம் எதிர்க்குறி பெறுவதற்கு அது நேரடி விளக்கம். பையானின் பாரிட்டி எதிர்க்குறியானது. அதனால் அது சுற்றியக்கக் கோண உந்தத்தோடுதான் வெளிப்பட முடியும். 1988இல் இஎம்சி குழு குவார்க்குகளின் தற்சுழற்சியில் கண்ட பற்றாக்குறையில் ஒரு பகுதி இப்படி இடம்பெயர்ந்ததே என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ஆரமும் தற்சுழற்சியும் கடலும் ஒரே கேள்வியின் பகுதிகள். இங்கே எந்த மாதிரியை யார் முன்வைத்தாலும், அது எதிர் டவுன் மிகுதியைத் தருகிறதா என்று இளைஞர்கள் எழுந்து கேட்க வேண்டும். தராவிட்டால், மற்ற எண்கள் எவ்வளவு பொருந்தினாலும் அது முழுமையான நியூக்ளியான் மாதிரி ஆகாது. இந்த அளவுகோலை முன்வைத்து மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.