நிறுத்துப் பார்க்க ஆள் எங்கே?

நர்சிங் ஹோம் என்றதும் நம்மூர் தனியார் ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டாம். நாம் இங்கே பேசுவது அமெரிக்காவைப் பற்றி. அங்கே அது, தள்ளாத முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் விடுதி. பத்தில் ஏழு விடுதிகள் இலாபத்துக்காக நடப்பவை.

அங்கே இருப்போரில் பலருக்கு இருதயம் பலவீனம். இரத்தத்தை இறைக்கும் சக்தி குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். பல சமயம் அதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறினால் அது சதையல்ல, நீர் என்று சந்தேகிக்க வேண்டும். உடனே டாக்டருக்குச் சொன்னால் நீர் பிரியும் மருந்தைக் கூட்டுவார். சொல்லாவிட்டால்? ஆம்புலன்ஸ்தான்.

பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். (நுரையீரல் இரத்தக் குழாயிலே வைக்கும் அழுத்தமானிக்கு 2014-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அது காட்டும் எண்ணைப் பார்க்கவும் ஆள் வேண்டுமே!) தினமும் காலையில், சாப்பிடுமுன், அதே தராசில் நிறுத்து எழுத வேண்டும். எழுந்து நிற்க முடியாத கிழவியைத் தூக்கி நிறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே பெண் பலரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணி மாற்றி ஓடுகிற இடத்தில் நேற்றைய எடையையே இன்றும் எழுதத் தோன்றாதா? குற்றம் அவளுடையதா?

முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு, இரவும் பகலும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ் என்று 2024-இல் அந்நாட்டுச் சர்க்கார் விதி செய்தது. ஆள் கிடைக்காது என்றார்கள் விடுதி நடத்துவோர். எந்தக் கூலிக்குக் கிடைக்காது என்று கேட்கிறோம். அவர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.