வட்டம் சொல்லும் சேதி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில், பொற்றையடி பக்கம் மருந்துவாழ் மலை. மூலிகைக்குப் பேர்போனது. அங்கே பறித்த இலை கிருமியைக் கொல்லுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிக்கிறார்கள். அந்தச் சாறு ஏற்றிய சின்னக் காகித வில்லையை, பாக்டீரியா பரப்பிய அகர் தட்டில் வைக்கிறார்கள். சாற்றில் சரக்கு இருந்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

சரி, கிருமியைக் கொல்வது நம் செல்லையும் கொல்லலாமே? அதற்கு 1982-ல் எளிய முதல்கட்டச் சோதனை ஒன்று வெளியானது. உப்பளத் தண்ணீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற குட்டி இறாலின் குஞ்சுகளை, சாறு கலந்த உப்புநீரில் விட்டு, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவது. குஞ்சுகள் பாவம்தான்!

வட்டம் தெரிந்ததுமே 'மருந்து கிடைத்தது' என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். தட்டில் கிருமியைக் கொல்ல டெட்டாலே போதும், அதைக் குடிப்போமா? இறாலுக்குப் பிறகு செல் வளர்ப்பு, எலி என்று வரிசை நீளும். மனிதர் முறை கடைசியில்தான்.