எந்த எஞ்சினீயருக்கு மாலை?

(எஞ்சினீயர் தினத்தையொட்டி நடந்த வாயில் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15ந் தேதி நமது நாட்டில் எஞ்சினீயர் தினம் கொண்டாடப்படுகிறது. மில் ஆபீசில் ஒரு படத்தை வைத்து மாலை போடுகிறார்கள். மானேஜர் நாலு வார்த்தை பேசுகிறார். ஒருவருக்குப் பொன்னாடை, இன்னொருவருக்குக் கேடயம். பிறகு காப்பி, பலகாரம். ஷிப்டு முடிந்து போகும்போது ஜன்னல் வழியாக நாமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம். ‘பெரிய படிப்புப் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நினைப்பது தவறு என்று சொல்லத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறோம்.

எஞ்சினீயர் போடும் கணக்கில் பிழை வந்தால் சாவது யார்? பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் பயர்மேன். கட்டடம் சரிந்தால் அடியில் கிடப்பவள் சித்தாள். மதகு உடைந்து வயல் மூழ்கினால் நிலக்காரருக்காவது நஷ்டஈடு என்று கொஞ்சம் ஏதாவது வருகிறது. அந்த வயலில் நடவுக்குப் போயிருக்க வேண்டிய கூலிப் பெண்ணுக்கு என்ன வருகிறது? ஒன்றுமில்லை. ஆகவே, எந்த எஞ்சினீயரை நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது, எந்த எஞ்சினீயரை ஓரத்தில் தள்ளுகிறது என்பது நமது உயிர்ப் பிரச்னை.

அந்தப் படத்தில் இருப்பவர் விசுவேசுவரய்யா. 1861 செப்டம்பர் 15ல் பிறந்தவர். அவருக்கு மரியாதை செய்வதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 1903ல் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் தானே திறந்து தானே மூடும் மதகுகளைப் பொருத்தினார். 1908ல் மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்களை வாரிக்கொண்டு போன பிறகு, நகரத்தைக் காப்பாற்றத் திட்டம் போட்டுக் கொடுத்தார். கிருஷ்ணராஜசாகர் அணையோடு அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. (காவிரித் தண்ணீர்த் தகராறு வேறு சமாசாரம். அதை இன்று இழுத்தால் விடியும் வரை பேச வேண்டியிருக்கும்.) மைசூரில் திவான் பதவி, 1955ல் பாரத ரத்னா, நூறு வயதைத் தாண்டிய ஆயுள், எல்லாம் அவருக்குக் கிடைத்தன. கண் எதிரிலேயே மரியாதை பெற்றார். நல்லது.

ஆனால் வேறு சில எஞ்சினீயர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படம் மில் ஆபீசில் மாட்டப்படுவதில்லை.

முதலில் நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். ஒரு மில்லில் கார்டிங் பகுதியில் உற்பத்தி குறைகிறது என்று மெஷின் மூடியைத் திறந்து போட்டே ஓட்டும்படி வாய்மொழி உத்தரவு வந்தது. சுற்றுகிற உருளையில் கை அகப்பட்டால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21வது பிரிவு, ஆளைக் கடிக்கிற யந்திர பாகங்களுக்குக் காப்பு இருந்தே தீர வேண்டும் என்றது. அந்த ஷிப்டு எஞ்சினீயர் மெஷினை நிறுத்தினார். “மூடியைப் போடுங்கள், அல்லது ஓட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்” என்று கேட்டார். எழுத்தில் கொடுப்பார்களா? மூடி வந்தது. ஒரு மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

அவர் புறப்பட்ட அன்று கார்டிங் ஆட்கள் டீக்கடையில் வைத்து ஒரு துண்டு போட்டார்கள். அந்த வருஷக் கேடயம், உற்பத்தியைக் கூட்டிக் காட்டிய வேறொருவருக்குப் போயிற்று.

இது ஒரு மூலையில் நடந்த சின்ன விஷயம். நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு விஷயத்துக்கு வருவோம்.

பீஹாரில் சிவானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் சத்யேந்திர துபே. தகப்பனார் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. ஆலைக் குமாஸ்தா சம்பளத்தில் ஒரு பெரிய குடும்பம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பையன் கெட்டிக்காரன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் எஞ்சினீயரிங் படித்து 1994ல் பட்டம் வாங்கினான். காசியில் மேல்படிப்பு. 2002ல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் அதிகாரி. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை, ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர், அப்போது போடப்பட்டுக் கொண்டிருந்தது. ஜார்க்கண்டில் கோடர்மாவில் அதன் ஒரு பகுதி அவர் மேற்பார்வையில் வந்தது.

அங்கே அவர் கண்டது என்ன? பெரிய கம்பெனி காண்டிராக்டை எடுக்கிறது. வேலையைத் தான் செய்வதில்லை. சின்னக் காண்டிராக்டருக்குக் கைமாற்றி விடுகிறது. அவனிடம் தகுந்த யந்திரம் கிடையாது, அனுபவமும் கிடையாது. காகிதத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

தோழர்களே, இந்தக் கைமாற்று வியாபாரம் நமக்குப் புதிதா? மேலே இருப்பவன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். நடுவில் இருப்பவன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். கடைசியில் மிஞ்சிய பணத்தில் ஜல்லியும் தாரும் வாங்க வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். ஜல்லியில் திருடுகிறவன் கூலியிலும் திருடுவான். ரோடு வேலைக்குப் போய்ப் பாதிக் கூலியோடு திரும்பி வந்த நம் ஆட்களைக் கேளுங்கள். தரம் கெட்ட ரோடும் தரம் கெட்ட கூலியும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகின்றன.

துபே என்ன செய்தார்? மட்டமாகப் போட்ட ஆறு கிலோமீட்டர் சாலையை, போட்ட காண்டிராக்டரைக் கொண்டே மறுபடி போட வைத்தார். ஆறு கிலோமீட்டர்! அதோடு நிற்கவில்லை. 2002 நவம்பரில் பிரதம மந்திரிக்கு நேரே கடிதம் எழுதினார். காண்டிராக்டு எப்படிக் கைமாறுகிறது, ஜனங்களின் பணம் எப்படிப் போகிறது என்று விவரமாக எழுதினார். கடிதத்தில் பெயர் போடவில்லை. மொட்டைக் கடிதம் என்று குப்பையில் போட்டுவிடுவார்களே என்பதற்காகத் தம்மைப் பற்றிய விவரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்து, அதை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ரகசியம் காக்கப்படவில்லை. பெயரோடு அந்தக் கடிதம் ஆபீஸ் ஆபீஸாக, மேஜை மேஜையாகப் போயிற்று. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கையெழுத்து விழுந்தது.

2003ல் அவரைக் கயாவுக்கு மாற்றினார்கள். நவம்பர் 27ந் தேதி விடியற்காலை கயா ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தவர் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது.

வழிப்பறிக்காரர்கள் செய்த கொலை என்பது சி.பி.ஐ.யின் முடிவு. 2010ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்தார் அந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கைத் திரும்ப விசாரிக்க இது கோர்ட்டு அல்ல. ஆனால் ஒரு விஷயத்துக்கு சாட்சி, விசாரணை எதுவும் வேண்டியதில்லை: “என் பெயரை வெளியிடாதீர்கள்” என்று ஓர் எஞ்சினீயர் கேட்டார், வெளியிட்டார்கள்.

பிறகு விருதுகள் வந்தன. லண்டனிலிருந்து வந்தது. அவர் படித்த கான்பூர் ஐ.ஐ.டி. அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தியது. நேர்மையாகத் தொழில் செய்கிற பழைய மாணவர்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டோம், செய்ய வேண்டியதே. ஆனாலும் மாலை வந்து சேர்ந்தபோது போட்டுக்கொள்ளக் கழுத்து இல்லை.

ஊர் கொதித்தது, சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. 2004ல் சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டு, இப்படிப்பட்ட புகார்களை மத்திய ஊழல் கண்காணிப்புக் கமிஷன் வாங்கிக்கொண்டு பெயரை மறைத்து விசாரிக்கும் என்றது. முறையான சட்டம் 2014ல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாதிபதியும் கையெழுத்திட்டார். அமலுக்கு வரும் தேதியை அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பத்து வருஷம் கழிந்தும் அந்தத் தேதி வரவில்லை. நமது போனஸ் பாக்கியைப் போல.

இது நமது தேசத்துக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் ‘பார்ட்’ என்று ஒரு ரயில். டிரைவர் கையை நம்பாமல் கம்ப்யூட்டரே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. அதில் வேலை பார்த்த மூன்று எஞ்சினீயர்கள், ஹ்யோர்ட்ஸ்வாங், புரூடர், பிளாங்கன்ஸீ என்பவர்கள், இந்த ஏற்பாடு போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார்கள். பயனில்லை. நிர்வாக போர்டு மெம்பர் ஒருவரிடம் விஷயத்தைக் கொண்டு போனார்கள். அது பத்திரிகைக்குப் போயிற்று. போர்டு நிர்வாகத்தின் பக்கமே ஓட்டுப் போட்டது. 1972 மார்ச்சில் மூவருக்கும் வேலை போயிற்று.

அந்த வருஷம் செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் 2ந் தேதி, பிரீமாண்ட் என்ற கடைசி ஸ்டேஷனில் நிற்க வேண்டிய வண்டி நிற்கவில்லை. ஒரு சிறு படிகத் துண்டு பழுதானதால், வேகத்தைக் குறை என்ற கட்டளை வேகத்தைக் கூட்டு என்று மாறிவிட்டது. தண்டவாளம் முடியும் இடத்தையும் தாண்டி மணல் மேட்டில் போய் ஏறியது. சிலருக்குக் காயம், நல்லவேளையாக உயிர்ச் சேதம் இல்லை. அந்தப் படிகத்தைக் குறிப்பிட்டு அந்த மூவரும் எச்சரித்ததாகச் சொல்ல முடியாது. சோதனை போதாது என்றுதான் சொன்னார்கள். அது போதாமல்தான் இருந்தது.

வேலை போனவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். வழக்குப் போட்டார்கள். கேட்டது 8,75,000 டாலர். சமரசத்தில் கிடைத்தது 75,000 டாலர். அதிலும் வக்கீலுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு தவறு இருந்ததை மறைக்க வேண்டாம். “போர்டு மெம்பரிடம் போனது நீங்களா?” என்று நிர்வாகம் கேட்டபோது, பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கில் அது அவர்களை உதைத்தது. தனியாக நிற்கிற ஆளுக்கு அந்தப் பயம் வரும். சங்கத்தில் சேருவதற்கு முன்னால் நாமும் அப்படிச் சொன்னவர்கள்தானே?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்துறை எஞ்சினீயர்களின் பெரிய கழகமான ‘ஐ.ஈ.ஈ.ஈ.’ 1975ல் அந்த வழக்கில் தானாகவே கோர்ட்டுக்கு ஒரு மனு கொடுத்தது. ஜனங்களின் பாதுகாப்பைக் காப்பது எஞ்சினீயரின் தொழில் தர்மம்; அதைச் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது. 1978ல் அந்த மூவருக்கும் பொதுநல சேவைக்கான விருது கொடுத்தது. கட்டின பாலத்துக்காகக் கொடுத்த விருது அல்ல, வாயைத் திறந்ததற்காகக் கொடுத்தது. ஆறு வருஷம் தாமதம்தான். ஆனாலும் மூவரும் உயிரோடு இருந்து வாங்கினார்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்யப் போகிறோம்?

மெஷினை நிறுத்தினாரே, அந்த எஞ்சினீயருக்கு இந்த எஞ்சினீயர் தினத்தில் சங்கத்தின் பேரால் மாலை போடலாம் என்று கமிட்டியில் பேசினோம். ஆள் அனுப்பிக் கேட்டோம். “சந்தோஷம். ஆனால் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பெண் கல்யாணம் இருக்கிறது. இப்போது வேண்டாம்” என்று சொல்லியனுப்பினார். அவர் சொல்வது நியாயம். துபேயின் பெயரை மேஜை மேஜையாகக் கொண்டு போனவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, நாமே ஒரு பெயரை ஒலிபெருக்கியில் போட முடியாது. ஆகவே இன்று பெயர் சொல்லாமல் பேசினோம். இரண்டு வருஷம் கழித்து இதே வாயிலில் மேளத்தோடு சொல்லுவோம்.

அதற்குள் ஒரு மனு. பாதுகாப்புக் காரணத்தைக் காட்டி மெஷினை நிறுத்துகிற எஞ்சினீயரானாலும், மேஸ்திரியானாலும், பிட்டரானாலும், காரணத்தை ஒர்க்ஸ் கமிட்டி முன் வைக்காமல் ஆறு மாதத்துக்குள் அவரை மாற்றக் கூடாது. வருஷக் கேடயம் யாருக்கு என்று முடிவு செய்கிறபோது உற்பத்திக் கணக்கை மட்டும் பார்க்காமல், எந்தப் பகுதியில் விபத்து குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி ஆட்களையும் கேட்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்களும் தங்கள் வாய்க்கால் வேலைக்கு இதே மாதிரி ஒரு மனு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டு தாளும் மேஜையில் இருக்கின்றன. இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.