உறுமிக்காரரின் கை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ஜினீயரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், பாலம், மோட்டார் என்று அறுக்கப்போகிறான் என்று பயப்படாதீர்கள். நான் பேச வந்தது மேளக்காரர்களைப் போட்டோ எடுப்பது பற்றி.

கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி இங்கே படிக்க வந்தவன் நான். எங்கள் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் நையாண்டி மேளம்தான். வேலைக்குப் போய் ஒரு கேமரா வாங்கியதும், தெரிந்த செட்டார் வந்து, "பிளக்ஸுக்கு ஒரு படம் எடுத்துக் குடுங்க தம்பி" என்றார்கள். எடுத்தேன். நாகசுரக்காரர்கள் முன்னால், தவில் பக்கத்தில், பம்பையும் உறுமியும் பின்னால். பிளக்ஸ் வந்தபோது உறுமிக்காரரின் பாதி முகம்தான் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "படம் நல்லாத்தேன் இருக்கு தம்பி. என் கையத்தேன் காணோம்" என்றார். "முகந்தெரியாத ஆளுக்கு எவன் அச்சாரம் குடுப்பான்?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்திருப்பீர்கள். திரையில் நாகசுரம் பிடித்தவர்கள் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும். மூச்சைக் கொடுத்தவர்கள் நம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பைக் கேட்காத வீடு இல்லை. ஆனால் அவர்கள் முகம் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த ஜாஸ் இசைக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல காலம் இருந்தது. பெர்லினிலிருந்து 1939-ல் நியூயார்க்குக்குத் தப்பி வந்த பிரான்சிஸ் உல்ஃப், 'புளூ நோட்' இசைத்தட்டுக் கம்பெனியில் பங்காளியாக இருந்துகொண்டே, ஒலிப்பதிவு நடக்கும் இடத்திலேயே கலைஞர்களைப் படம் எடுத்தார். 1957-ல் பதிவான ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெய்ன்' அட்டையைப் பாருங்கள். கோல்ட்ரேன் வாசிக்கவில்லை, சிரிக்கவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார். வேலை செய்கிற மனிதனை அப்படியே எடுத்திருக்கிறார். அந்த அட்டை 12 அங்குலம். கேசட் வந்தபோது அது 4 அங்குலமாகச் சுருங்கியது. இன்று செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுதான். இடம் சுருங்கச் சுருங்க, யாரை விடுவது என்பதில் கவனம் வேண்டும்.

அதன்பிறகு வரிசையாக நிற்க வைத்து எடுப்பதை விட்டேன். ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். முதல் ஒரு மணி நேரம் கேமராவையே எடுப்பதில்லை. பிளாஷ் போட்டால் நாகசுரத்தின் அணசு பளிச்சென்று அடித்து முகத்தைத் தின்றுவிடும். காலை வெயிலில், எதிரே இரண்டு பேரை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னால் போதும், முகத்தில் வெளிச்சம் பூத்தாற்போல் விழும். விரல்களில் கூடு மாட்டிய தவில்காரரின் வலது கையை விநாடியில் 500-ல் ஒரு பங்கில் எடுத்தால் கை கல்லாய் உறைந்துவிடும். 60-ல் ஒரு பங்கில் எடுத்தால் விரல் புகையாகி, அடி காதில் கேட்கும். உறுமிக்குப் படமே அந்த வளைந்த குச்சி தோலில் தேய்கிற இடம்தான்.

அந்தப் பெரியவரைத் தனியாக அப்படி எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைக் காட்டி, "இந்த உறுமிக்காரர் வரணும்" என்று கேட்டார்களாம். அவரே போன் போட்டுச் சொன்னார்.

தம்பி தங்கைகளே, நம் வகுப்புப் போட்டோவின் அடியில் 'இடமிருந்து வலம், நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள்' என்று எல்லார் பெயரும் இருக்கும். கையில் வந்ததும் முதலில் நம் பெயரைத்தான் தேடுகிறோம். மேளக்காரர் படத்தின் அடியில் மட்டும் 'குழுவினர்' என்று ஒரே வார்த்தை. உங்கள் எல்லாரிடமும் இன்று செல்போன் இருக்கிறது. இந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் ஒரு படம் எடுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள். படத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.