ரவுடிப் பேட்டை என்று பெயர் வைத்தவர் யார்?

(வடசென்னைத் தொழிலாளர் பகுதியில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரண்டு மணி நேரமாக விவாதம் நடந்திருக்கிறது. சிலர் கோபமாகப் பேசினார்கள். சிலர் கண்ணீர் விட்டுப் பேசினார்கள். மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் பேசியதே நல்ல காரியம்.

மூன்று கருத்துகள் இங்கே எழுந்தன. ஒரு தாய் சொன்னார்: "கால்வாய்க்கரை ரோட்டில் விளக்கு எரிவதில்லை. என் பெண் ராத்திரி ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வருகிறாள். அவள் வந்து கதவைத் தட்டும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை." ஒரு பெரியவர் சொன்னார்: "வாரியக் குடியிருப்பு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. அந்தப் பிளாக்குப் பையன்களை குண்டர் சட்டத்தில் தூக்கி உள்ளே போட்டால் ஊர் அடங்கும்." அந்தப் பிளாக்கிலிருந்து வந்த இளைஞர் எழுந்து சொன்னார்: "வேலை கேட்டுப் போனால் விலாசத்தைப் பார்த்ததும் மனுவை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். டீக்கடையில் நின்றால் போலீஸ் நிறுத்திப் படம் பிடிக்கிறது. நாங்கள் எங்கே போவது?"

பெரியவர் சொன்னதை ஒட்டி எழுதிய மனு இந்த மேஜை மேல் கிடக்கிறது. பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மற்றப் பாதிப் பேரும் போடுவதா, வேண்டாமா? இன்று இதை முடிவு செய்யாமல் நாம் கலைந்து போக முடியாது.

முதலில் ஒரு விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம். ஏழை செய்தால் திருட்டு திருட்டல்ல என்று நாம் வாதாட வரவில்லை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வரும் சகோதரியின் கழுத்துச் சங்கிலி அறுபட்டால், அது எந்த ஆலை முதலாளியின் சொத்தும் அல்ல. சீட்டுக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த இரண்டு பவுன் அது. கத்திக்குத்து பட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடப்பவனும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான். பணக்காரனுக்கு மதில் இருக்கிறது, கேட் இருக்கிறது, காவலாளி இருக்கிறான். அந்தக் காவலாளியும் நம்மவன்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று அவன் வீட்டைக் காக்கிறான், தன் வீட்டைக் காக்க ஆளில்லை. ஆகவே, பயமில்லாமல் நடமாடுவது முதலில் நம்முடைய கோரிக்கை. அதை மற்றவர்களுக்கு விட்டுக் கொடுக்க மாட்டோம்.

ஆனால் நோய்க்கு மருந்து கேட்குமுன் நோய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

தோழர்களே, இது எந்த மண்? 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முயன்று, வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத் தலைவராக நின்று, பின்னி ஆலை என்று ஊர் அழைத்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை ஒன்று சேர்த்தார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியதும் இந்தச் சென்னையில்தான். தொழிலாளி தலை நிமிர்ந்து நிற்க நாட்டுக்கே சொல்லிக் கொடுத்த பேட்டைகள் பெரம்பூரும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும்.

ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழுந்தது. பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று தகப்பன் நம்பினான். சம்பளத் தேதி இருந்தது, பிராவிடண்ட் பண்டு இருந்தது. யூனியன் ஆபீசும் படிப்பகமும் விளையாட்டு மன்றமும் இருந்தன. தவறு செய்யும் பையனைப் பிடித்து நிறுத்த, அவன் மரியாதை வைத்திருந்த நாலு பெரியவர்கள் இருந்தார்கள்.

1996இல் அந்த ஆலை மூடப்பட்டது. இயந்திரம் நின்ற கொட்டகைகளில் சினிமா படப்பிடிப்பு நடந்தது. இன்று அந்த நிலத்தில் அடுக்கு மாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. நூல் நூற்ற தொழிலாளியின் பேரன் அந்த மாடிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான். ஒரு பொட்டலத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. சங்கம் இல்லை, விடுமுறை இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

படிப்பகம் மூடிய இடத்தில் எது திறந்தது? சாராயக் கடை திறந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுக்கடைகளைச் சர்க்காரே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. 2023-24இல் மட்டும் இதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொள்வது ஒரு கை. குடித்துவிட்டுச் சண்டை போட்டான் என்று ராத்திரி லத்தியால் அடிப்பது இன்னொரு கை. இரண்டும் ஒரே உடம்பின் கைகள் அல்லவா? கள்ளச்சாராயத்தையாவது தடுத்தார்களா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் செத்தார்கள்.

இனி அந்த வாரியக் குடியிருப்புக்கு வருவோம். அங்கே இருப்பவர்கள் யார்? வானத்திலிருந்து குதித்தவர்களா? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் கடற்கரையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்து, நகரத்துக்கு மூட்டை தூக்கியவர்கள், மீன் விற்றவர்கள், வீட்டு வேலை செய்தவர்கள். நகரை அழகுபடுத்துகிறோம் என்று அவர்களைப் பெயர்த்தெடுத்தார்கள். தெற்கே கண்ணகி நகரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி 15,000க்கு மேல் வீடுகள் கட்டினார்கள். ஆரம்ப வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. அடுத்துப் பெரும்பாக்கத்தில் 20,000க்கு மேல் வீடுகள். வீடு கட்டினார்கள், வேலை எங்கே? போதுமான பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி எங்கே? பிழைப்பு ஒரு மூலையில், படுக்கை பல மைலுக்கு அப்பால். தாய் விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகு திரும்புகிறாள். நடுவே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பக்கத்து வீட்டு அத்தை பழைய பேட்டையிலேயே தங்கிவிட்டாளே!

ஊரைப் பிரித்துக் கலைத்துவிட்டு, அதற்குக் "குற்றப் பகுதி" என்று பெயரும் சூட்டுகிறார்கள். அதே கண்ணகி நகரில் வளர்ந்த ஒரு பெண், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கப் பதக்கம் வென்று வந்தாள். ஒரு மைதானமும் ஒரு பயிற்சியாளரும் செய்யும் வேலையை நூறு லத்திகள் செய்ய முடியுமா?

பெரியவர் கேட்கலாம்: "இதெல்லாம் சரி, நாளை ராத்திரிக்கு என்ன வழி? போலீஸ் வேண்டாமா?" நியாயமான கேள்வி. போலீஸ் வரட்டும். சங்கிலி அறுத்தவனைப் பிடிக்கட்டும், சாட்சியோடு கோர்ட்டில் நிறுத்தட்டும். அதை யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்த மனு குற்றவாளியைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஒரு தெருவையே பிடிக்கச் சொல்கிறது. ஊரையும் பிறப்பையும் பார்த்து மனிதனைக் குற்றவாளி ஆக்கும் வித்தை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தான். அது பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலத்தை உழுது பிழைத்தவன் போலீசில் ரேகை வைக்க வேண்டும்; ராத்திரியில் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் போராடி 1947இல் நம் மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். இன்று ரேகைக்குப் பதில் செல்போனில் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். கருவிதான் புதியது.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டம். விசாரணை இல்லாமல், குற்றம் ருசுவாகாமல், பன்னிரண்டு மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க அது அதிகாரம் தருகிறது. விசாரணையில்லாச் சிறை என்றால் என்னவென்று மற்றவர்களைவிட நமது இயக்கத்துக்கு நன்றாகத் தெரியும். 1950இல் தோழர் ஏ.கே.கோபாலனை அப்படித்தான் சென்னை ராஜ்யத்தில் அடைத்தார்கள். அவர் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடினார். அதே ஆண்டு பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்று பக்கத்துத் தெருப் பையன் மீது பாயச் சொல்லும் சட்டம், நாளை கூலி உயர்வு கேட்டு கேட்டில் நிற்பவன் மீது பாயாது என்று யார் ஜாமீன் கொடுப்பது?

கச்சேரிக்குள் போனவர் உயிரோடு வருவார் என்பதற்கும் ஜாமீன் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை அடைக்கும் நேரத்தைப் பற்றிய தகராறில் தகப்பனும் மகனும் போனார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் நகை காணவில்லை என்ற புகாரில் ஒரு கோயில் காவலாளி போனார். விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு வாச்சாத்தி மறக்குமா? 1992இல் சந்தன மரம் தேடுகிறோம் என்று ஒரு மலைவாழ் கிராமத்தையே சூறையாடி, 18 பெண்களைக் கெடுத்தார்கள். பத்தொன்பது ஆண்டு விடாமல் போராடிய பிறகு, 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 சர்க்கார் ஊழியர்களும் குற்றவாளிகளே என்று தீர்ப்பு வந்தது. காக்கிச் சட்டைக்கும் சட்டம் உண்டு என்பதை இந்த நாட்டில் ஏழைகள்தான் நிலைநாட்டினார்கள்.

குற்றம் என்றால் சங்கிலி அறுப்பது மட்டும்தானா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் மீனவர் வலையையும் படகையும் நாசமாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். எந்த ஆலைச் சொந்தக்காரன் வீட்டுக் கதவை நள்ளிரவில் போலீஸ் தட்டியது? சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னும் இறக்குகிறார்கள், இன்னும் சாகிறார்கள். 1968இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய வழக்கில் நிலப்பிரபுக்கள் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்கள். பொதுமக்கள் பாதுகாப்பு என்று பேசினால் இவ்வளவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தோழர்களே, இந்த மனுவில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. 1921 வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் போராடினார்கள். பசி தாங்காத ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். முதலாளியும் சர்க்காரும் அந்த விரிசலில் ஆப்பு வைத்து அடித்தார்கள். புளியந்தோப்பில் தொழிலாளி தொழிலாளியின் குடிசைக்குத் தீ வைத்தான். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. ஜெயித்தது யார்? சேரியும் அல்ல, தெருவும் அல்ல. ஆலை முதலாளி ஜெயித்தான்.

இந்தத் தெரு அந்தப் பிளாக்கின் மீது மனுப் போட்டால், நாளை அந்தப் பிளாக் இந்தத் தெருவின் மீது போடும். இரண்டு மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டு அதிகாரி சிரிப்பான். விளக்கு மட்டும் எரியாது.

ஆகவே, இந்த மனுவை நிறுத்தி வைத்து, இரண்டு பகுதியும் சேர்ந்து கையெழுத்திடும் வேறொரு மனுவை எழுதுவோம். நமது யோசனைகள் இவை:

1. கால்வாய்க்கரை ரோடு முழுவதும் விளக்கு. ஷிப்ட் விடும் நேரத்தில் பஸ். பெண்களுக்குத் தண்ணீரும் கதவும் உள்ள கழிப்பிடம்.

2. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் பக்கத்திலுள்ள மதுக்கடையை மூடுவது. கஞ்சா பொட்டலம் விற்கும் பையனோடு நிற்காமல், மூட்டையாக இறக்குகிறவனைப் பிடிப்பது.

3. வாரியக் குடியிருப்பில் படிப்பகம், விளையாட்டு மைதானம், தொழிற்பயிற்சி, குழந்தைகள் காப்பகம். விலாசத்தைப் பார்த்து வேலை மறுப்பதைத் தடுப்பது.

4. போலீஸ் ரோந்து வேண்டும். கண்டவரை நிறுத்திப் படம் பிடிப்பது கூடாது. பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையில்லாக் காவல் ஒழிய வேண்டும்.

மனு மட்டும் போதாது. இரண்டு பகுதியிலிருந்தும் ஆண்களும் பெண்களுமாக ஒரு கமிட்டி அமைப்போம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் சகோதரிகளை பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை கொண்டு வந்து விட, அந்தப் பிளாக்கு இளைஞர்களும் இந்தத் தெரு இளைஞர்களும் ஜோடி ஜோடியாக நிற்கட்டும். யாரைப் பார்த்துப் பயந்தோமோ அவர்களே காவலுக்கு வரட்டும்! சண்டை மூண்டால் கத்தி எடுக்குமுன் கமிட்டி அங்கே நிற்க வேண்டும். நம் வீட்டுப் பையனே தவறு செய்தாலும் ஒளித்து வைக்க வேண்டாம். வக்கீலோடு அழைத்துப் போய் ஒப்படைப்போம். தண்டனை கோர்ட் கொடுக்கட்டும். நாம் கையோங்க வேண்டாம், அடிக்கப் போலீசையும் விட வேண்டாம்.

கிராமத்துத் தோழர்களே! வேலையில்லாத நாளில் நீங்களும் இந்த நகரத்துக்குத்தான் வருகிறீர்கள். எங்கே தங்கினாலும், "வெளியூர் ஆள், திருட்டுப் பயல்" என்ற சொல் உங்களுக்காகவும் காத்திருக்கிறது. கிராமத்தில் வேலையும் நிலமும் கூலியும் கிடைத்தால் நகரத்தில் நெருக்கடி குறையும். உங்கள் போராட்டமும் இந்தத் தெருவிளக்குப் போராட்டமும் ஒன்றுதான்.

மனு எழுதக் காகிதம் இருக்கிறது. முதல் கையெழுத்தைப் பெரியவர் போடட்டும். அடுத்த கையெழுத்தை அந்தப் பிளாக்கு இளைஞர் போடட்டும். மூன்றாவது கையெழுத்து, மகளுக்காகக் காத்திருக்கும் அந்தத் தாயினுடையதாக இருக்கட்டும்.

தெருவும் பிளாக்கும் ஒன்று சேருக!
விசாரணையில்லாச் சிறை ஒழிக!
தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!